காலைக் கேட்டேன், பிள்ளையைக் கொடுத்தாள்

என் மகன் ராசுவுக்கு இடது கால் இல்லை. முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மாரியாத்தா எனக்குச் செய்த உதவி என்று இதைத்தான் ஊர்க்காரர்களான உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஐந்து வருஷமாக நீங்கள் என்னைப் பேசாத பேச்சா?

எழுபத்து நான்காம் வருஷம், ஆடி மாதம். எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. ஆழப்படுத்த ஆள் இறக்கினோம். கல் அள்ளிப் போட ராசுவும் இறங்கினான். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. மேலிருந்து ஒரு பாறைத் துண்டு நழுவி அவன் காலில் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். "அங்க போனா காலை வெட்டிப் போடுவாங்க" என்றார் என் வீட்டுக்காரர். பொய் சொல்லமாட்டேன், நானும் ஆமாம் என்றேன். எலும்பு கட்டுகிறவரைக் கூட்டிவந்து, முட்டை வெண்கருவும் உளுந்துமாவும் பூசி, மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினோம். பையன் வலியில் துடித்தான். "பல்லைக் கடிச்சுக்க கண்ணு" என்று நானே அவன் வாயைப் பொத்தினேன். நான்காம் நாள் விரல்கள் கறுத்துவிட்டன. கட்டுக்குள்ளிருந்து நாற்றம் வந்தது.

மூட்டை ஏற்றிப்போன லாரி ஒன்றில் படுக்கவைத்து சர்க்கார் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கட்டில் காலியில்லை, தரையில் பாய் போட்டோம். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். அழுகல் மேலே ஏறுகிறது, காலை எடுக்காவிட்டால் உயிர் தங்காது என்றார். நர்ஸ் ஒரு காகிதத்தை நீட்டி, மலையாளத்தில், "அச்சன் ஒப்பு இடணும்" என்றாள். தகப்பன் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

அவர் போடவில்லை. "ஆத்தாகிட்டப் பூக் கேக்காம நான் ஒண்ணும் பண்ணமாட்டேனுங்க" என்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். நம் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். மடித்து அவள் காலடியில் போட்டு ஒன்றை எடுப்போம். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. அந்தக் கிணற்றை ஆழப்படுத்தக் கேட்டபோது வெள்ளைதான் வந்தது.

நான் பையன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். காய்ச்சலில் என்னையே யாரென்று கேட்டான். "ஆத்தா, காலை மட்டும் காப்பாத்திக் குடு, மாவிளக்கு எடுக்கறேன்" என்று விடாமல் வேண்டினேன். மறுநாள் மத்தியானம் தொடை வரை வீங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லாவிட்டால் பிறகு தன்னால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

வராந்தாக் குழாயடியில் போய் நின்று ஆத்தாவைத் திட்டினேன். "உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். அழுது ஓய்ந்தபோது காலைப் பற்றிய பேச்சே என் வாயில் இல்லை. "எம்பையன் இருந்தாப் போதும், எம்பையன் இருந்தாப் போதும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வேண்டுதல் எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. அவள்தான் மாற்றினாள்.

அப்போது வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மடியிலிருந்து செவ்வரளியை எடுத்துக் காட்டினார். "ஆத்தா வேண்டாங்கறா புள்ளே."

"ஏனுங்க, என்னன்னு கேட்டீங்க?"

"காலை எடுக்கலாமான்னு கேட்டேன்."

"பெத்தவகிட்டக் காலை எடுக்கட்டுமான்னா எவ சரிங்குவா? பையன் பொழைக்கோணுமான்னு கேட்டீங்ளா?"

அவர் பூவைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டார். நான் நர்ஸிடம் போய், "அம்மா ரேகை வெச்சா ஆகுமுங்களா?" என்றேன். ஆகும் என்றாள். கட்டைவிரலை வைத்துவிட்டேன்.

ராசு பிழைத்தான். நாற்பது நாள் அங்கேயே கிடந்தோம். கண் விழித்ததும் போர்வையைத் தடவிப் பார்த்தான். "என்னைச் சாக உட்டிருக்கலாமே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வீட்டுக்காரர் இரண்டு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் மட்டும் என்ன? அடுத்த ஆடியில் மழை பொய்த்ததற்கும் என் கைநாட்டைத்தான் காரணம் சொன்னீர்கள். மாவிளக்குத் தட்டோடு வந்தவளை, ஆத்தா உத்தரவை மீறினவள் என்று கோயில் வாசலிலேயே நிறுத்தினீர்கள். எதையும் நான் மறக்கவில்லை. வாசலில் நின்றே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

இன்றைக்கு ராசு கட்டை ஊன்றி நடக்கிறான். பம்புசெட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டப் பழகிக்கொண்டான், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து தேடி வருகிறார்கள். கோபம் வந்தால் இப்போதும், "நீதானே ரேகை வெச்சே!" என்று என்மேல் பாய்கிறான். பாயட்டும். பாய்வதற்குப் பிள்ளை உயிரோடு இருக்கிறான். அதைத்தான் அந்தக் குழாயடியில் கேட்டேன். அவன் சத்தம் கேட்கிற ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் ஆத்தாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கஷ்டம் வரும். வரும்போது அவளை நம்புங்கள். அழுங்கள், திட்டுங்கள், மண்ணை வாரித் தூற்றினாலும் அவள் கைவிடமாட்டாள். ஆனால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து பூக் கேளுங்கள்.