ஆடிக் காற்றும் என் முதுகும்

கர்ரக்... கர்ரக்...

செயின் கவரில் பெடல் உரசுகிற சத்தம். என் முதுகுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில். காலேஜ் நாட்களின் ஆடி மாத ஞாயிறுகள் எனக்கு இந்தச் சத்தமாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. அது என் கூட்டாளி தங்கராசுவின் சைக்கிள்.

நாமக்கல்லில் கிளம்பி மோகனூர். அங்கே மேற்கே திரும்பி, காவிரியை இடது பக்கம் வைத்துக்கொண்டு பரமத்தி வேலூர். வேலூரில் ஒரு டீ. அப்புறம் மெயின் ரோட்டைப் பிடித்து வீடு. பெரிய சாகசமெல்லாம் இல்லை, கால் வலிக்கிற அளவுக்கு ஒரு சுற்று.

மோகனூர் வரை பேசிக்கொண்டே போவோம். மேற்கே திரும்பியதும் ஆடிக் காற்று மூஞ்சியில் அறையும். அந்த நிமிடமே பக்கத்தில் இருந்த தங்கராசு காணாமல் போய்விடுவான்.

"மாப்ள, நீ முன்னால போடா. உன்ற முதுகு நல்லா செவுராட்ட இருக்குது."

சுவர் என்றால் அந்த வயதில் பெருமை. குனிந்து மிதிப்பேன். பின்னால் கர்ரக், கர்ரக்.

நடுநடுவே வெற்றிலைக் கொடிக்கால் வரும். அகத்தி மரங்கள் நெருக்கமாக நின்று காற்றை மறைக்கும். அங்கே மட்டும் அந்தச் சத்தம் பின்னாலிருந்து என் பக்கத்துக்கு வரும். ஹேண்டில்பாரை விட்டுவிட்டுக் கையை வீசிப் பாடுவான். கொடிக்கால் முடிகிற இடம் அவனுக்கு அத்துப்படி. பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி பின்னால் போய்விடுவான்.

"இனி நீ முன்னால போ" என்று கேட்டும் பார்த்திருக்கிறேன்.

"போறன் மாப்ள... அந்த வளைவு தாண்டட்டும்."

அந்த வளைவு கடைசி வரை வரவேயில்லை.

இதைக்கூட மன்னிப்பேன். வேலூர் நெருங்கி, வீடுகள் காற்றைத் தடுத்ததும், எழுந்து நின்று மிதித்து என்னைத் தாண்டிப் போவான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டிருப்பான்.

"வாங்க சாமி" என்பார் கடைக்காரர். "உங்க சிநேகிதரு அப்பவே வந்துட்டாருங்க. நீங்களும் மெல்ல மெல்ல வந்து சேந்துட்டீங்க, பாவம்."

"அவனுக்குத் தம் பத்தாதுங்கண்ணா" என்பான் தங்கராசு.

அந்தப் 'பாவம்' இன்றைக்கும் எரிகிறது...

தங்கராசு இப்போது லாரி பாடி கட்டும் பட்டறை முதலாளி. ஒரு சைக்கிள் குரூப்புக்குத் தலைவரும் அவன்தான். போன வாரம் ஃபேஸ்புக்கில் எழுதியிருந்தான்: 'காலேஜ் நாட்களில் எதிர்காற்றில் நான் தனியாக மிதித்த பாதை. இடது பக்கம் கரை தொட்டு ஓடும் காவிரி, அதில் மிதக்கும் பரிசல்கள், மணல் திட்டில் கொக்குக் கூட்டம்...'

தனியாக!

கீழே நூற்றுக்கணக்கில் கைதட்டல். நான் கமெண்ட் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் குரூப்போடு நேரிலேயே போனேன்.

மோகனூரில் எல்லோரையும் நிறுத்திப் புதியவர்களுக்குப் பாடம் எடுத்தான்.

"இதுக்குப் பேரு டிராஃப்டிங்ங்க. முன்னால போறவரு காத்த வாங்கிக்கோணும், பின்னால வாரவங்களுக்கு நோவு தெரியாது. ஆனா மாத்தி மாத்திப் போவோணும். ஒருத்தரையே முன்னால உட்டா அது அநியாயமுங்க."

அநியாயமாம். எனக்கு நடந்ததற்கு இங்கிலீஷில் பேர் இருக்கிறது, அதில் மாற்றி மாற்றிப் போகிற நியாயமும் இருக்கிறது என்று அவன் வாயாலேயே கேட்கவேண்டியதாகிவிட்டது.

"அப்ப இன்னிக்கு நீ முன்னால போ" என்றேன், அத்தனை பேர் எதிரில்.

தப்பிக்க வழியில்லை. போனான். நான் அவன் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டேன். இந்தக் காலத்துச் சைக்கிளில் செயின் கவர் கிடையாது, சத்தமும் கிடையாது. நான் இருக்கிறேனா என்று அவன்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

காற்று சட்டென்று நின்றுபோயிருந்தது. பெடல் பஞ்சாகச் சுற்றியது. வெட்கமே இல்லாத சுகம். குனிந்திருந்த தலை தானாக நிமிர்ந்தது. இடது பக்கம் தென்னைகளுக்கு நடுவே... ஆறு.

அந்தச் சாலையில் நான் ஆற்றைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. முன்சக்கரம், தார், என் முழங்கால்... அத்தனை வருடமும் நான் கண்டது அவ்வளவுதான். பரிசலும் கொக்கும் அவன் அளந்துவிட்ட கதை என்று நினைத்திருந்தேன். கதையில்லை. என் முதுகுக்குப் பின்னால் சாவகாசமாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான்.

இப்போது பார்க்க எனக்கு மிச்சம் இருந்தது மணல் அள்ளிய பள்ளமும் சீமைக்கருவேலமும்தான். ஆடி மாதத்திலேயே வேட்டிக் கரை அகலத்துக்குத் தண்ணீர்.

வேலூரில் அந்த டீக்கடை இப்போது பேக்கரி. இருவரும் ஒன்றாகத்தான் போய்ச் சேர்ந்தோம். பாவம் என்று சொல்ல யாருமில்லை.

"அப்பெல்லாம் ஆறு எப்படிடா இருக்கும்?" என்று கேட்டேன். குத்திக்காட்ட இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.

டீயை ஊதிக்கொண்டிருந்தவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"என்னையக் கேக்கற? நீயுந்தானடா கூட வந்த?"

கூட வந்தேனாம்! வாயால் சொல்லிவிட்டான்.

பதிவில் மட்டும் இன்னும் 'தனியாக' என்றுதான் இருக்கிறது. இன்று காலைகூடப் பார்த்தேன்.