கேர்ஃபுல்லி என்றால் யாரும் அசையக் கூடாது

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆவடியில் மூன்று மாடி வீடு கட்டினேன். இரண்டு லாரி, ஒரு கிரேன் வாங்கினேன். பூந்தமல்லி கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடிக்கு ஜெனரேட்டரை ஏற்றினேன். முடியாது என்றவர்களுக்கு அதே மண்டபத்தில் பந்தி போட்டேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாத சங்கதி ஒன்று உண்டு. இங்கிலீஷில் மெதுவாகச் செய்வதற்கு இருக்கிற வார்த்தைகளுக்கெல்லாம் அளவு போட்டவனும் நான்தான்.

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் இறக்கும் வேலை என்னுடையது. நாலு மூலைக்கு நாலு ஜாக்கி, ஜாக்கிக்கு ஓர் ஆள். பெரிய மெஷின் இறங்கினால் டீக்கடைக்காரர் முதல் வாட்ச்மேன் வரை வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். “மெதுவா, மெதுவா”, “பாத்து, பாத்து”, “நைசா உடு” என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். என் ஆட்கள் யார் பேச்சைக் கேட்பார்கள்?

அதனால் இங்கிலீஷுக்கு மாறினேன். பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த ஃபேக்டரி கிளார்க்கிடம் வார்த்தைகளைக் கேட்டு வாங்கினேன். எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான் என்றார் அவர். அது எப்படி? வேலையில்லாமலா வெள்ளைக்காரன் இத்தனை வைத்திருக்கிறான்? நானே பிரித்துக் கொடுத்தேன். ஸ்லோலி என்றால் நாலு விரல் இறக்கு. ஜென்ட்லி என்றால் ஒரு விரல். கேர்ஃபுல்லி என்றால் யாரும் அசையக் கூடாது. அப்போதுதான் என் மச்சான் மெஷினுக்கு அடியில் கை விட்டு, மட்டம் சரியாக நிற்கத் தகடு வைப்பான். கிராஜுவலி மட்டும் ஜாக்கிக்கு இல்லை. வேலை எப்போது முடியும் என்று மேனேஜர் கேட்டால் சொல்வதற்கு.

ஒரு நாள் புதிதாக வந்த பிரஸ் மெஷினை இறக்கினோம். அதோடு வெளியூரிலிருந்து ஓர் இன்ஜினியரும் வந்திருந்தார். நல்ல மனுஷன். நான் கேர்ஃபுல்லி சொன்னேன். மச்சான் கையை உள்ளே விட்டான். அந்த நேரம் பார்த்து இன்ஜினியர், மெஷின் மேல் இருந்த பாசத்தில், “ஸ்லோலி, ஸ்லோலி” என்றார்.

அவர் பக்கம் இருந்த இரண்டு ஜாக்கியும் இறங்க ஆரம்பித்தன. நான் கேர்ஃபுல்லி என்று போட்ட சத்தம் மெயின் ரோடு வரை போயிருக்கும். எல்லாரும் நின்றார்கள். இன்ஜினியரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் கைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பீடி போகிற இடம் இருந்தது.

ஜாக்கியை ஏற்றிக் கையை எடுத்தோம். இன்ஜினியர் ஓடி வந்தார். ஜாக்கிரதையாக இருக்கத்தானே சொன்னேன், எந்த வார்த்தை சொன்னாலும் எல்லாம் ஒன்றுதானே என்றார்.

மச்சான் கையை அவர் முகத்துக்கு நேரே விரித்தான். “ஒண்ணு இல்ல சார், அஞ்சு கீது. நல்லா எண்ணிக்கோ.”

“டேய், சாரை உடுடா,” என்றேன். “சார், இன்னிக்கு ஒரு நாள் நீ தமிழ்ல பேசு. இங்க எவனும் அத காதுல வாங்க மாட்டான்.”

அவர் சிரிக்கவில்லை. என்னை உட்கார வைத்து, எந்த வார்த்தைக்கு எத்தனை விரல் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் போனால் சுவரில் பெரிய போர்டு. ஸ்லோலி, ஜென்ட்லி, கேர்ஃபுல்லி, எதிரே அளவு, கீழே அவர் கையெழுத்து. தொண்ணூறுகளில் எஸ்டேட்டில் எந்த ஷெட்டுக்குள் போனாலும் அதே போர்டுதான். கையெழுத்து மட்டும் அந்தந்தக் கம்பெனி இன்ஜினியருடையது.

அந்தப் போர்டு இன்றும் எங்காவது தொங்கினால், அதை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கையெழுத்தை அழிக்க வேண்டாம். அந்த இன்ஜினியர்களும் படித்தவர்கள், இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், அளவு போட்டது நாலாம் வகுப்பு படித்த ஒரு ஜாக்கிக்காரன் என்று எழுதுங்கள். பெயின்ட் நான் கொண்டுவருகிறேன். சாட்சிக்கு மச்சான் வருவான், அஞ்சு விரலோடு.