இரண்டாம் நம்பர் மிஷின்

நம்பாதவர்கள் ஈக்காட்டுத்தாங்கல் போய் அந்தப் பட்டறையின் சிமெண்ட் தரையைப் பார்க்கலாம். எத்தனை முறை கழுவியும் ரத்தக் கறை போகவில்லை. இது நடந்தது.

அஸ்வத் அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவன். மாலையில் மேற்கு மாம்பலத்தில் சி மொழி வகுப்புக்குப் போவான். பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஒவ்வொன்றுக்கும் தனி டேட்டாபேஸ். மிஷின் ஒருமுறை இறங்கி அடித்தால் அதில் ஒரு வரி ஏறும். இரண்டாம் நம்பர் மிஷினை மட்டும் முதலாளி லூர்துசாமி போன மாதம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

"அதோட டேட்டாவையும் அழிச்சுடு நைனா. ராசி கெட்ட மிசின், முன்னயே ஒருத்தன் கைய வாங்கிச்சு. நாளைக்குப் புச்சு வருது."

அஸ்வத் தானே ஒரு சி புரோகிராம் எழுதினான். அதற்கான லைப்ரரி நிரலைச் சேர்த்து, சர்வரில் நுழைந்து, டேட்டாபேஸை அழிக்க ஒரே கட்டளை. மூன்று முறை சரிபார்த்தான். மாலை 4.40க்கு ஓடவிட்டான்.

அழியவில்லை. வேறொருவர் இணைப்பில் இருப்பதாகச் சொன்னது திரை.

தன் பிழைதான் என்று நினைத்தான். யாரென்று தேடிப் பார்த்தான்.

இரண்டாம் நம்பர் மிஷின்.

அது முன்பு நின்றிருந்த வெற்றுத் தரையில் பட்டறை ஃபிட்டர் பிரசாத் குந்தியிருந்தான். புது மிஷினின் போல்ட்டுகளுக்கு சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டிருந்தான்.

"பிரசாத்து, ரெண்டாம் நம்பர் இன்னும் கனெக்சன்ல இருக்குடா."

"மிசினே இல்ல மச்சி! இன்னா, உங்க வாத்தியாரு பேய்க்குக் கனெக்சன் குடுக்கவும் கத்துக் குடுத்தாரா?"

அஸ்வத்துக்கு வெட்கமாகிவிட்டது. கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்தான். இணைப்பில் இருப்பவரை வலுக்கட்டாயமாக அறுத்துவிட்டு அழிக்கும் சொல். என்டரைத் தட்டினான்.

டம்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீ நேரம்... எல்லா மிஷின்களும் ஓடாமல் நின்றிருந்தன.

பிரசாத் அலறினான். அவன் வலது கை விரல்கள் தரையோடு நசுங்கிக் கிடந்தன. அவற்றின் மேல் எதுவுமே இல்லை.

"எட்றா மச்சி... எட்றா இத!"

எதை?

டம்! எலும்பு நொறுங்கும் சத்தம். சுவரில் ரத்தம் தெறித்தது. திரையில் இரண்டாம் நம்பரின் டேட்டாபேஸில் ஒரு வரி ஏறியது.

அஸ்வத் ஓடிப்போய் அவனை இழுத்தான். கை வரவில்லை.

டம்! இன்னொரு வரி.

திரும்பி ஓடினான். சர்வர் வயரைப் பிடுங்கினான்.

டம்...

நின்றது.

சிதறிக் கிடந்த விரல்களை அள்ளி, ஐஸ் போட்ட கவரில் வைத்து, அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆட்டோவில் பறந்தார்கள். அரை மணி நேரம் கழித்து டாக்டர் ஜுவேரியா கவரோடு வெளியே வந்தார்.

"இன்னொருத்தர் எங்க?"

"யாரு டாக்டர்?"

பிரசாத்துக்குப் போனது நான்கு விரல்கள். கவரில் ஐந்து இருந்தன.

ஐந்தாவது, இடது கைக் கட்டைவிரல்.

பிரசாத்தின் இடது கையில் ஒரு கீறல்கூட இல்லை.