பாதியில் நிறுத்திய திருகு

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் சங்கரன்கோவிலில் என் கடை மேசைக்கு வராத ஆம்ப்ளிஃபயர் இல்லை. டிப்ளமா படித்தவர்கள் கைகழுவிய செட்டுகளை நான் பேச வைத்திருக்கிறேன். இதை நானே சொல்லக் கூடாதுதான். மற்றவர்கள் சரியாகச் சொல்வதில்லை, என்ன செய்ய.

சிவகிரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து அறிவியல் டீச்சர் ஒருவர் வந்தார். மைக்கில் பேசினால் அந்தக் குரல் கம்பியில்லாமல் அடுத்த மேசை ரேடியோவில், மீடியம் வேவில் கேட்க வேண்டுமாம். வகுப்பறைக்குள் எட்டினால் போதும். ஹெட்மாஸ்டர் ஆன்லைனில் வாங்கச் சொன்னாராம். இவர்தான் எனக்காகப் பேசி, தானே பொறுப்பு என்று வந்திருந்தார். ஒரே சாயங்காலத்தில் முடிகிற வேலை என்றேன். ரேடியோவை ரிப்பேர் பார்த்தவனே தவிர, அனுப்புகிற சர்க்யூட்டை நான் கட்டியதே இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டிய நாள் காலை பத்து மணிக்கும் குரல் கிழிந்துதான் வந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். மைக்கை மாற்றினேன். டிரான்சிஸ்டரை மாற்றினேன். புது பேட்டரி போட்டேன். சால்டரிங் அயர்ன் பெருவிரலைச் சுட்டது. இரண்டு முறை டீச்சர் போன் செய்தார். இரண்டு முறையும் எல்லாம் தயார் என்றேன். என்னை நம்பியவர் ஹெட்மாஸ்டர் முன்னால் தலைகுனிந்து நிற்பாரே.

டிரான்சிஸ்டருக்கு முன்கூட்டியே கொஞ்சம் மின்சாரம் விட்டு வைக்க வேண்டும். அதுதான் பயாஸ். அதைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னத் திருகு உண்டு. அலை எவ்வளவு பலமாகப் போகிறது என்று பார்க்க ஒரு மீட்டரும் வைத்திருந்தேன். எங்கள் தொழிலில் எதையும் உச்சத்துக்குத் திருகித்தான் பழக்கம். சத்தம் எங்கே அதிகமோ அங்கே நிறுத்துவோம். முள் உச்சிக்குப் போகும்வரை இதையும் திருகியிருந்தேன்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவியின் கையில் மைக்கைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று நூறு தாண்டிவிட்டாள்.

"மெதுவாப் பேசுனா நல்லாத்தான் கேக்கு. சத்தமாப் பேசுனாத்தான் கிழியுது," என்றாள்.

"ஏட்டி, உனக்கு என்ன தெரியும்? பேசாம எண்ணு."

"பேசாம எப்படி எண்ண? அந்த முள்ளுதான் உச்சியில போயி முட்டிக்கிட்டு நிக்கே. நான் கத்துனா அது இன்னும் எங்கன போவும்?"

கை அப்படியே நின்றது. குரல் ஏறும்போது அலையும் ஏற வேண்டும். இறங்கும்போது இறங்க வேண்டும். சும்மா இருக்கும்போதே அதை நான் உச்சியில் ஏற்றி வைத்திருக்கிறேன். மேலே ஏற இடமேது? திருகைப் பின்னால் சுற்றி, முள்ளைப் பாதியில் நிறுத்தினேன். கத்தச் சொன்னேன். என்மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள். ஒரு கிழிசல் இல்லாமல் வந்தது.

பஸ் கிளம்ப ஐந்து நிமிடம். திருகு அசையாமலிருக்க, மெழுகை உருக்கி அதன்மேல் ஒரு சொட்டு விட்டுவிட்டு ஓடினேன். வழி நெடுக, மேடு பள்ளத்தில் அசைந்திருக்குமோ என்று மடியிலிருந்த பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன்.

வகுப்பில் டீச்சர் பேசினார். ரேடியோவில் குரல் தெளிவாக வந்தது. கடைசி பெஞ்சில் நின்ற ஹெட்மாஸ்டர், இங்கே கேட்கவில்லையே என்றார். முள் பாதியில் நிற்பதைப் பார்த்த டீச்சர் திருகின் பக்கம் கையை நீட்டினார். அவருக்கு முன்னால் என் சூடுபட்ட விரலே அங்கே போய்விட்டது. மெழுகு தட்டுப்பட்டது. விரலை எடுத்துக்கொண்டேன்.

"அது அங்கனயே இருக்கட்டும் டீச்சர். ரேடியோவுல சத்தத்தைக் கூட்டுங்க."

கூட்டினார். ஹெட்மாஸ்டர் அங்கிருந்தே தலையை ஆட்டினார். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான், காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது தெரிந்தது.