கண்டியில் இறங்கிய குலசிங்கம்

1953 முதல் 1972 வரை, பத்தொன்பது ஆண்டுகள், குலசிங்கம் மலைநாட்டு ரயிலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். திருகோணமலைத் துறைமுகத்தில் ஓர் அரசாங்கப் பண்டகசாலையின் பெரிய கிளாக்கர் அவர். தேத்தண்ணி நேரத்தில் கதிரையைச் சாய்த்தால் பதுளைப் பாதையின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து வரும். தெமோதரையில் பாதை எப்படி வளைந்து தனக்கு அடியிலேயே நுழைகிறது, அப்புத்தளையில் முகில் எப்படிப் பெட்டிக்குள் வந்து மூக்கை நனைக்கிறது, எல்லாம் தெரியும். ஐம்பத்துமூன்றில் போய் வந்தாராம். அலுவலாகப் புல்மோட்டையிலிருந்து வந்தவர்கள்கூட இந்தப் பிரசங்கத்துக்குத் தப்பியதில்லை.

மனைவியை ஏன் கூட்டிப்போகவில்லை என்ற கேள்வி மட்டும் அவருக்குப் பிடிக்காது. அரசாங்க உத்தியோகத்தருக்குக் குடும்பத்தோடு போய்வர ஆண்டுதோறும் இலவச ரயில் வாரண்ட் உண்டு. குலசிங்கத்தின் வாரண்ட் தவறாமல் யாழ்ப்பாணத்துக்கே போனது. அங்கே தமையன் வீட்டில் சாப்பாடு. "பூரணிக்குக் குளிர் ஒத்துவராது" என்பார். பூரணிக்கு வேண்டியிருந்ததோ அந்த மலையை ஒரு தடவை பார்ப்பதுதான். கேட்டுக் கேட்டுக் கல்யாணமே பழசாகிவிட்டது.

1972 ஓகஸ்டில், அதே பண்டகசாலையில் வேலை பார்த்த கிண்ணியாக்காரர் ஜெமீல், மனைவி மைமூனாவோடு பதுளைக்குப் புறப்பட்டார். மைமூனாவின் அண்ணனுக்கு அங்கே கடை. அலுவலகத்தில் எல்லோரும் இருக்கும்போது ஜெமீல் கேட்டார்:

"சேர், நீங்களும் அக்காவும் வாங்களேன். பாதை தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணுமே."

பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குலசிங்கம் ஓம் என்றார்.

இரவு ரயிலில் போய்ப் பொல்காவலையில் இறங்கி, காலையில் கொழும்பிலிருந்து வந்த பதுளை ரயிலுக்கு மாறினார்கள். சனக்கூட்டத்தில் திருடன் இருப்பான் என்று பயந்து, தங்கள் டிக்கெட் இரண்டையும் பூரணியின் கைப்பையில் வைக்கச் சொன்னார் குலசிங்கம். பிறகு பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி மலைகளை வர்ணித்தார்.

கண்டியில் ரயில் நின்றது. அங்கே எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவார்கள். வந்த வழியே பேராதனை வரை திரும்பிப் போய்த்தான் ரயில் மலைப்பாதையைப் பிடிக்கும். அந்த ரயிலில் ஒரேயொரு தடவை போனவருக்கும் இது தெரியும். குலசிங்கம் யன்னலால் எட்டிப் பார்த்தார். எஞ்சின் பின்பக்கத்தில் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

"ஐயோ, இது திரும்பக் கொழும்புக்குப் போகுது! கெதியா இறங்குங்கோ!"

"சேர், இது இப்பிடித்தான் போகும்" என்றார் ஜெமீல்.

"நான் போன பாதை எனக்குத் தெரியாதே? பிழையான ரயிலில ஏத்திப்போட்டீர்!"

மைமூனா சிரிப்பை அடக்கவில்லை. "சேர் ஐம்பத்திமூண்டில போன நேரம் ரயிலுக்கு ரெண்டு பக்கமும் தலை இருந்திச்சோ?"

பெட்டியே சிரித்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். குலசிங்கம் சூட்கேசையும் இடியப்பப் பார்சலையும் தூக்கிக்கொண்டு மேடையில் குதித்தார்.

"பூரணி, இறங்கு!"

பூரணி யன்னலால் அவரை நன்றாகப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் ஒருநாளும் போகேல்ல, என்ன?"

"இறங்கெண்டு சொன்னனான்!"

"நான் மலை பாக்கப் போறன். விருப்பமெண்டால் நீங்கள் ஏறுங்கோ."

விசில் ஊதியது. ஏற நேரம் இருந்தது. ஏறினால் பத்தொன்பது ஆண்டுப் பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவியைத் தனியே அனுப்புவது அதைவிட அவருக்கு இலேசாகப் பட்டது. ரயில் வந்த திசையிலேயே நகர்ந்தது. கையில் இடியப்பத்தோடும் டிக்கெட் இல்லாமலும் நின்ற பெரிய கிளாக்கரைப் பரிசோதகர் ஒருவர் ஓரமாகக் கூட்டிப்போய் விசாரித்தார்.

பூரணி பதுளையில் நான்கு நாள் நின்றாள். கண்டிக் கதை பண்டகசாலை முழுவதும் பரவ, அடுத்த மாதம் குலசிங்கம் மன்னாருக்கு மாற்றம் கேட்டு எழுதினார், கிடைத்தது. பூரணி அவரோடு போகவில்லை.