கரண்டி அக்கா திருத்திய அட்டவணை

தொழிற்சாலைக் கேன்டீனில் அவளுக்குப் பெயர் கரண்டி அக்கா. பதினோரு வருடமாகக் கீரையும் பருப்பும் பரிமாறுகிறாள். ஆண்கள், பெண்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், வயதான காவலாளிகள் என்று யாருக்கு எந்தச் சத்து எவ்வளவு என்பது பின்சுவர் அட்டவணையில் இருக்கும். எண் பெரிதென்றால் பெரிய கரண்டி, சிறிதென்றால் சின்னது.

அந்த வருடப் பரிசோதனையில் அவள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டில் நின்றது.

"ஒரு மாசம் பார்ப்போம். பத்துக்கு மேல வரலேன்னா கரண்டியக் கீழ வச்சிடணும்கா" என்றாள் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தொழிற்சாலை நர்ஸ். "கொதிக்கிற பாத்திரத்துக்கிட்ட மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?"

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்.

"இரும்புச்சத்துக்குக் கீரை சாப்பிடறீங்களா?"

"பொம்பளைக்கு உண்டானது சாப்பிடறேன். சின்னக் கரண்டி. அட்டவணையிலயே இருக்கே."

நர்ஸ் எழுந்து வந்து சுவரைப் பார்த்தாள். கையெழுத்து அட்டவணை. "யாரு எழுதினது?"

"நான்தான். அஞ்சு வருஷம் முன்னாடி பழசு ஆவி பட்டு நைஞ்சு போச்சு. அதுல ஒரு தப்பு இருந்துச்சு. எல்லாக் கட்டத்துலயும் ஆம்பளைக்கு அதிகம், இரும்புச்சத்துல மட்டும் பொம்பளைக்கு அதிகம்னு போட்டிருந்தாங்க. அச்சடிச்சவன் தூங்கிட்டான்னு நெனச்சு மாத்திட்டேன்."

சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அது தப்பில்லக்கா" என்றாள் நர்ஸ் மெதுவாக. "மாசாமாசம் போற ரத்தத்த எதுல ஈடுகட்டுறது? நமக்குத்தான் அதிகம் வேணும்."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மதியத்துக்குமேல் தலைசுற்றிச் சுவரில் சாய்ந்த தையல் பிரிவுப் பெண்கள் எத்தனை பேர்! "காலையில சாப்பிடாம வந்தா இப்படித்தான்" என்று அவர்களைத் திட்டியதும் அவள்தான். ஐந்து வருடம். பெண்களுக்கு அதிகம் என்று எழுதியிருந்தால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று தனக்கு ஏன் தோன்றியது? யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

அன்றே எண்களை மாற்றி எழுதினாள். மறுநாள் வரிசையில் இயந்திரப் பிரிவுக்காரர் ஒருவர் தட்டில் கீரை குறைந்திருப்பதைப் பார்த்தார். "என்னக்கா, என்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. சுவரைப் படிங்க."

நர்ஸ் தந்த மாத்திரையை விழுங்கினாள். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது என்றதால், நாளின் ஒரே சுகமான அந்த டீயையும் தள்ளிப்போட்டாள். கூட்டம் வருமுன் தன் பங்கை எடுத்து மூடி வைத்தாள். திருடுவதுபோல் கை கூசியது.

மாதம் முடிந்தது. ஒன்பதரை.

"ஏறியிருக்கு, ஆனா போதாது" என்ற நர்ஸ், மேலாளரிடம் பேசிப்பார்த்தாள். வேலை போகவில்லை. இன்னொரு மாதம் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும். கரண்டி, பாத்திரம் கழுவும் அண்ணன் கைக்குப் போனது.

முதல் நாள் மதியம், கத்தியும் கையுமாக மூலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிவுப் பெண் ஒருத்தி தட்டை நீட்டினாள். அண்ணன் சின்னக் கரண்டியை எடுத்தார்.

எழுந்து போகக் காலில் தெம்பில்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்: "அண்ணே! அவங்களுக்குப் பெருசு!"

"இத்தனை வருஷம் பாத்த பழக்கதோஷம்மா" என்று அண்ணன் கரண்டியை மாற்றினார்.

அடுத்து யார் என்று அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வரிசை வாசல்வரை நின்றது.