அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு வீடு

நான் வரைந்து கட்டிய வீடுகளில் அன்னூர்ப் பக்கத்து வீட்டை நினைத்தால் மட்டும் தானாகச் சிரிப்பு வந்துவிடும். கட்டச் சொன்னவர்கள் இரண்டு பெண்கள், கூடப் பிறந்தவர்கள். அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். தங்கை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கருமத்தம்பட்டியில் தையல் கடை வைத்திருந்தார். அவர்கள் அப்பா விட்டுப்போன இடம் அன்னூருக்கு வெளியே சும்மா கிடந்தது. இனி ஒன்றாக இருந்துகொள்ளலாம் என்று முடிவு செய்து, கோயம்புத்தூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒருநாள் இருவரும் பஸ் ஏறி வந்தார்கள்.

யார் வந்தாலும் எத்தனை அறை வேண்டும் என்று நான் முதலில் கேட்பதில்லை. நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். வீட்டில் பாதி அதிலேயே தெரிந்துவிடும். அக்கா விடியும் முன்னே எழுந்து, காபி போட்டு, ரேடியோவில் பாட்டு வைத்துக்கொண்டு காய் நறுக்குகிறவர். தங்கைக்கு டிவியில் சீரியல் ஓடினால்தான் தையல் ஓடும். காலையில் நன்றாக வெயில் ஏறும்வரை அவரிடம் யாரும் பேசக் கூடாது.

தங்கை கை கழுவப் போன நேரம் பார்த்து அக்கா என் பக்கம் குனிந்தார்.

"கண்ணு, அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. என்ற ரூமுக்குக் கெட்டியா ஒரு கதவு வெச்சுருங்க. அந்த டிவிச் சத்தம் எனக்கு ஆகறதே இல்லீங்க."

மறுநாள் தங்கை போன் செய்தார். "மேடம், அக்காகிட்டச் சொல்ல வேண்டாமுங்க. காலங்காத்தால ரேடியோ கேக்காத மாதிரி என்ற ரூமை அக்கட்டால தள்ளிப் போட்டுருங்க."

போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். வீட்டின் வடிவம் கிடைத்துவிட்டது. நடுவில் சமையலறையும் ஹாலும். கிழக்குக் கடைசியில் அக்கா, மேற்குக் கடைசியில் தங்கை. இரண்டையும் சேர்க்க நீளமான ஒரு நடைவழி. அக்காவுக்கு முழங்கால் வலி என்பதால் வீடு முழுக்க ஒரே மட்டம், உள்ளே எங்கும் படியே கிடையாது. அட்டையில் சின்னதாக ஒரு வீடு செய்து காட்டினேன். தங்கை அதன் கூரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் நின்றால் என்ன தெரியும் என்று அக்கா கேட்டார். வாசல் கேட் தெரியும், வருகிறவர்களைப் பார்க்கலாம் என்றேன். "அது போதுமுங்க" என்றார்.

படம் அனுமதிக்குப் போய் வந்தது. பூஜை போட்டபின் சுண்ணாம்புப் பொடியால் தரையில் அறைகளுக்குக் கோடு போட்டோம். அந்தக் கட்டத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். வெட்டவெளியில், வானத்துக்குக் கீழே, எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும். சுவர் எழும்பினால் சரியாகிவிடும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

"ஏனுங்க, இதுதான் என்ற ரூமுங்களா? கட்டிலைப் போட்டா மனுசி எங்க நிக்கறது?" என்றார் அக்கா.

நான் அளவுகளைச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குள் தங்கை பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரம்மாவோடு ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கோட்டுக்குள் போட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, குடையைப் பிடித்தபடி அதில் படுத்தே பார்த்தார். கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"செரி, பீரோவும் வெக்கலாமாட்ட இருக்குது" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் தோண்டத் தொடங்கிய வாரமே மேஸ்திரி கூப்பிட்டார். "மேடம், மேக்கால பூராப் பாறைங்க. கடப்பாறை எறங்க மாட்டீங்குது. வெடி வெச்சுப்போடலாமுங்களா?"

உடனே கிளம்பிப் போனேன். தங்கையின் அறை வரவேண்டிய இடத்தில், கொஞ்சம் மண்ணை அள்ளியதுமே கருங்கல் படுத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு அருகிலேயே இருந்தது. அது இடிந்துவிடுமோ என்று வெடி வைக்க எனக்கு மனமில்லை. பாறையின் மேலேயே கட்டலாம், அதைவிட உறுதியான அடித்தளம் இல்லை. ஆனால் அந்த அறை மட்டும் ஓரடி உயர்ந்துவிடும். அக்காவின் முழங்காலை நினைத்துத்தான் இந்த வீட்டையே வரைந்திருந்தேன். இரண்டு நாள் படத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் அந்த நீளமான நடை கண்ணில் பட்டது. அதைப் படியில்லாத சரிவாக ஏற்றிவிட்டால் போதும்.

இருவரையும் இடத்துக்கு வரச்சொல்லி விளக்கினேன். அக்கா முகம் வாடிவிட்டது.

"நீ மேல, நான் கீழயா?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டார். "நானெல்லாம் அங்க ஏற மாட்டேன் புள்ள."

தங்கை பாறையின் மேல் ஏறி நின்று பார்த்தார். அப்புறம் என்னிடம் சொன்னார்: "சரிவு வெச்சுருங்க மேடம். புடிச்சுக்கறக்கு ஒரு கம்பியும் போட்டுருங்க. அக்கா வரலீன்னா எனக்கு ஆருங்க காப்பி கொண்டாருவா?"

"காப்பி வேணுமுன்னா எறங்கி வா" என்றார் அக்கா. ஆனால் சிரித்துவிட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அதன்பின் வேலை நிற்கவில்லை. வாரம் தவறாமல் போனேன். சரிவுக்குப் பளபளவென்று டைல் ஒட்டலாம் என்றார் மேஸ்திரி. வழுக்காத சொரசொரப்பான கல்தான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றுக்காக மேற்கே பெரிய ஜன்னல்களாக வைத்தோம். கூரைக்குக் கான்கிரீட் போட்ட நாளில் காலையிலிருந்தே மேகம் மூட்டமாக நின்றது. நான் பத்து தடவையாவது வானத்தைப் பார்த்திருப்பேன். மழை வரவில்லை. சாயங்காலம் எல்லோருக்கும் தங்கை டீயும் போண்டாவும் வாங்கிவந்தார்.

புதுவீடு புகும் நாள் ஆனியில் வந்தது. உறவும் விருந்தினருமாக ஒறம்பரை நிறைந்த வீட்டில் குழந்தைகள் சரிவில் ஏறுவதும் ஓடி இறங்குவதுமாக இருந்தார்கள். நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொரு அறையாகப் போய்க் கதவை மூடித் திறந்து பார்த்தேன். குழாயைத் திருகினேன். குனிந்து ஒரு டைலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, போதுமுங்க. இன்னிக்கு நீங்களும் ஒறம்பரைதான். வந்து உக்காருங்க."

மேற்கு ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, தங்கை இடியாப்பம் மாதிரியான சந்தகையும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தார். அந்த வீட்டுக்குள் எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை. ஜன்னலில் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. தேங்காய்ப்பாலை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.